மேரிஜோசப்பினின் மைனஸ் ஆறரை

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற சனத்துக்கு டொக்டரிடம் பயம் இல்லை. மருந்து கொடுக்கும் சின்ன யன்னலுக்குப் பின்னால் நிற்கும் மேரிஜோசப்பினிடம்தான் பயம். மருந்துத் துண்டை வாங்குவாள். தடித்த கண்ணாடிக்குள்ளால் துண்டை ஒருமுறையும் ஆளை ஒருமுறையும் பார்ப்பாள்.

"போன கிழமை தந்த குளிசையை என்ன செய்தனீங்கள்? கோழிக்குப் போட்டனீங்களோ?"

வாய் திறக்காமல் மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தப்பினார்கள். "இல்லைப் பிள்ளை, அது சூடு எண்டு பக்கத்து வீட்டில சொல்லிச்சினம்" என்று தொடங்குகிறவர்களுக்கு வரிசை முழுவதும் கேட்கும்படி அர்ச்சனை நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி எந்த யூனிவேர்சிற்றியில் படித்தவள் என்று அவள் விசாரிப்பாள். மருந்தில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அதனால் அவளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போடவும் ஒருவருக்கும் வழியில்லாமல் இருந்தது.

அவளுடைய கண்ணாடிக்கு ஒன்பது வயதில் இருந்து சரித்திரம் உண்டு. கரும்பலகையில் இருப்பதைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று கன்னியாஸ்திரி ஒருவர் பிரம்பால் இரண்டு போட்டார். பிறகுதான் பிள்ளைக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு செபமாலை கொடுத்தார். மேரிஜோசப்பின் உலகத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான். மைனஸ் மூன்றில் தொடங்கிய கண் ஒவ்வொரு வருடமும் இறங்கி, இருபது வயதில் இரண்டு பக்கமும் மைனஸ் ஆறரையில் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் "சோடாப் போத்தில்" என்று பெயர்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊர்காவற்றுறைத் தீவை விட்டு ஓடிய குடும்பம் தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தகப்பன் எமிலியானுஸ் இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். தமையன் றொபேட் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். தாய் செபஸ்தியம்மாவும் அவளும் இரண்டு அறைக்குத் தகரம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவள் மருந்துப் படிப்புப் படித்து, தொண்ணூற்றொன்பதில் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தாள்.

சமாதானம் வந்து கொழும்புப் பாதை திறந்தவுடன் வெளிநாட்டுக்காரருக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஊர் ஞாபகம் வந்தவர்களுக்குப் பெண் எடுக்கிற ஞாபகமும் வந்தது. 2003ஆம் ஆண்டு மாசியில் சந்திக் கொமினிகேசன் கடைக்கு றொபேட் எடுத்த தொலைபேசி அதைப் பற்றித்தான்.

"கரம்பன் அசுந்தா மாமியின்ர பெறாமகன், லண்டன். பெனடிக்ற் எண்டு பேர். நல்ல பெடியன். உன்ர படம் ஒண்டு கேக்கினம். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு எடுத்து அனுப்பு."

"ஏன் அண்ணை, மூக்கையும் கழட்டோணுமோ?"

"பகிடி விடாதை. அவையள் கண்ணாடி இல்லாத பொம்பிளையைத்தான் பாக்கினம்."

"அப்ப கண்ணாடி இல்லாத பொம்பிளையை அனுப்புங்கோவன். ஊரில நிறைய இருக்குதுகள்."

றொபேட் கோபப்படவில்லை. பிரான்சில் எல்லாரும் இப்போது கண்ணாடியை விட்டுக் கண்ணுக்கு லேசர் செய்கிறார்கள், கொழும்பிலும் வந்துவிட்டது, செலவு தன்னுடையது, அவள் போய்ப் படுத்தால் மட்டும் போதும் என்றான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து தாயிடம், "அண்ணை என்னை வாகனம் எண்டு நினைச்சுப்போட்டார். பெயின்ற் அடிச்சு விக்கப் பாக்கிறார்" என்றாள். செபஸ்தியம்மா அழுதாள். தாய் அழுதால் எந்த விவாதமும் முடிந்துவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதை மேரிஜோசப்பின் வெறுத்தாள், ஆனாலும் அதற்குக் கட்டுப்பட்டாள்.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் கொழும்புக் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் விளக்கக் கூட்டம் நடந்தது. தாய்க்காக அவள் பஸ் ஏறிப் போனாள். வாசலில் ஒரு பெரிய துணி கட்டியிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரி கண்ணாடியை ஆகாயத்தில் எறிந்துகொண்டிருந்தாள். உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பத்தே பத்து நிமிசம். வலி இல்லை, கட்டு இல்லை, தையல் இல்லை. காலைல வந்தீங்க எண்டா பின்னேரம் கண்ணாடி இல்லாம வீட்டுக்குப் போகலாம்."

சனம் வாயைத் திறந்துகொண்டு கேட்டது. மேரிஜோசப்பின் முன்வரிசைக் கதிரையில் இருந்தபடி அவருடைய மூக்கைப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு பள்ளம். காலையில் முகம் கழுவும்போது அவள் தினமும் முகம் பார்க்கும் கண்ணாடியில் காணும் அதே பள்ளம். கூட்டத்துக்காகத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார், பாவம். கடைசி வரிசையில் இருக்கிறவர்களை அவருக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி கேட்கலாம் என்றதும் அவள் எழும்பினாள்.

"இது எல்லாருக்கும் செய்யலாமோ?"

"பதினெட்டு வயசுக்கு மேல எல்லாருக்கும் செய்யலாம், மிஸ்."

"எல்லாருக்கும் எண்டால், கண்ணின்ர முன்தோல் மெல்லிசான ஆளுக்கும்?"

"அதெல்லாம் மெசின் பாத்துக்கொள்ளும்."

"என்னத்தை வெட்டுறியள்?"

"வெட்டுறது இல்லை மிஸ். லேசர். வெறும் ஒளி."

"ஒளியால வெட்டினாலும் வெட்டுத்தானே. வெட்டினதைத் திருப்பி ஒட்டலாமோ?"

அவர் சிரித்தார். துண்டுப்பிரசுரம் ஒன்றை நீட்டி, எல்லா விபரமும் இதற்குள் இருக்கிறது என்றார். அவள் வாங்கி அங்கேயே நின்று முன்னும் பின்னும் வாசித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த நீர்வீழ்ச்சியின் படமும், வாகனம் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்ற விபரமும் இருந்தன. கண்ணைப் பற்றி ஐந்து வரி. "தம்பி, நீங்கள் கண்ணாடியைப் போடுங்கோ. படியால விழுந்துபோவியள்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். பின்னால் கேட்ட சிரிப்பு அவளுக்கு நன்றாக இருந்தது.

அதோடு விட்டிருப்பாள். ஆனால் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் வந்தது அவளுக்கு உறுத்தியது. மருந்துக்காரிக்கு ஒரு மருந்தின் குணம் தெரியாமல் இருந்தால் வருகிற அதே உறுத்தல். ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டாள். அவர், "எனக்குக் கண் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். சித்திரை லீவில் தாயையும் கூட்டிக்கொண்டு அவள் கொழும்புக்கு வெளிக்கிட்டாள். முகமாலைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, ஓமந்தைச் சாவடியில் இறங்கி ஏறி, பொதியை நாலு தரம் அவிழ்த்துக் காட்டி, மறுநாள் கொழும்புக்குக் கிட்ட வத்தளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

துண்டுப்பிரசுரத்தில் இருந்த நீர்வீழ்ச்சி வேலை செய்யவில்லை. ஆனால் உள்ளே இருந்த பெண் டொக்டரைக் கண்டு அவள் கொஞ்சம் திகைத்துப் போனாள். ஐம்பது வயது மதிக்கலாம். அவசரம் இல்லாத மனுசி. ஒரு கதிரையில் இருத்தி, மெசினில் நாடியை வைக்கச் சொல்லி, ஒளி வளையங்களைக் கண்ணில் அடித்து, கண்ணின் மேடு பள்ளம் முழுவதையும் வரைபடமாக எடுத்தார். மரக்க வைக்கும் துளி விட்டு, பேனை முனை மாதிரி ஒன்றால் தொட்டுத் தடிப்பை அளந்தார். கண்மணி விரிகிற துளி விட்டு, ஒரு மணித்தியாலம் இருக்க வைத்துப் பின்னுக்கிருக்கும் திரையையும் பார்த்தார். பிறகு எதிரில் இருத்திக் கதைத்தார்.

"உமக்கு நம்பர் எத்தினை வருசமா மாறேல்லை?"

"எட்டு வருசம்."

"நல்லது. மாறிக்கொண்டிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டன். இப்ப கவனமாக் கேளும். கருவிழிக்கு முன்னால தெளிவான தோல் ஒண்டு இருக்கு. உம்மட குறை என்னெண்டா, கண் கொஞ்சம் நீளம். வெளிச்சம் திரைக்கு முன்னமே கூடிப்போகுது. நாங்கள் அந்தத் தோலின்ர நடுவைச் செதுக்கித் தட்டையாக்கினா, வெளிச்சம் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரையில விழும். நம்பர் கூடக் கூட, செதுக்கிறதும் கூட."

"எத்தினை விதமாச் செதுக்கலாம்?"

"முதலாவது, முன்தோலில ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளுக்குச் செதுக்கிப்போட்டுத் திருப்பி மூடுறது. நோ, வலி ஒண்டும் இல்லை, அடுத்தநாளே கண் தெரியும். அதைத்தான் எல்லாரும் கேட்டு வருகினம். ஆனா மூடி மட்டும் ஆழத்தில மூண்டில ஒரு பங்கைத் தின்டுபோடும். உம்மட தோல் மெல்லிசு. மூடியும் வெட்டி ஆறரைக்கும் செதுக்கினா மிச்சம் காணாது. மிச்சம் காணாட்டி, வருசங்கள் போகத் தோல் பலமில்லாமல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு கண்ணாடி போட்டும் வடிவாத் தெரியாது."

"அப்ப எனக்கு ஏலாது."

"பொறும். ரெண்டாவது, மூடி வெட்டாமல் மேல்பூச்சை மட்டும் வழிச்சுப்போட்டு நேராச் செதுக்கிறது. உமக்கு அது சரிவரும். மூண்டு நாள் நல்ல நோ இருக்கும். தெளிய ஒரு மாசம் எடுக்கும். மாசக்கணக்கா வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடோணும், துளி விடோணும். இல்லாட்டிப் பனிப்புகார் மாதிரிப் படியும். மூண்டாவது, செதுக்காமல் கண்ணுக்குள்ள சின்ன வில்லை ஒண்டு வைக்கிறது. அது நம்பர் பெரிசா இருக்கிற ஆக்களுக்கு. உமக்கு அவ்வளவு தேவையில்லை. நாலாவது, இப்ப போட்டிருக்கிற கண்ணாடியோடயே இருக்கிறது. அதுக்கு ஒரு ஆபத்தும் இல்லை."

நாலாவதைச் சொன்ன டொக்டரை மேரிஜோசப்பினுக்குப் பிடித்துப்போனது. அவள் மதித்த ஆட்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அன்றைக்கு ஒரு விரல் கூடியது.

"இன்னொண்டு," என்றார் டொக்டர். "எதைச் செய்தாலும் கண்ணின்ர நீளம் நீளந்தான். பின்திரை இழுபட்டபடிதான் இருக்கும். வருசத்துக்கு ஒருக்கா அதைக் காட்டும். நாப்பது தாண்ட வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். கண்ணாடியே வேண்டாம் எண்டு ஆரும் உமக்குச் சொன்னா, அது பொய்."

கீழே இறங்கி வந்தால் முகப்பு மேசையில் இருந்தவர் வேறொரு கதை சொன்னார். கல்யாண விசயம் என்று செபஸ்தியம்மா அதற்குள் அவரிடம் முழுவதையும் ஒப்புவித்திருந்தாள். "ஒரு மாசம் சிவந்த கண்ணோட எப்பிடி மாப்பிள்ளை பாக்கிறது? மூடி வெட்டுறதுதான் உங்களுக்குச் சுகம். கொஞ்சம் மெல்லிசு எண்டா ஒண்டும் செய்யாது. நான் வேற டொக்டரிட்டப் பதிஞ்சு விடுறன்" என்றார்.

மேரிஜோசப்பின் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "நீங்கள் எத்தினை வருசம் கண் படிச்சனீங்கள்?"

"நான் முகாமைத்துவம், மிஸ்."

"அதுதானே பாத்தன். சப்பாத்துக் கடையிலயும் உப்பிடித்தான், சைஸ் இல்லாட்டி இருக்கிறதை விக்கப் பாக்கிறது." தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டாவது முறையைச் செய்யலாமா என்று மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்ததுதான். அந்த மேசைக்காரரின் முகத்தைக் கண்டதும் அதுவும் போய்விட்டது.

ஆடியில் பெனடிக்ற் ஊருக்கு வந்தான். பெரியம்மா அசுந்தாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டுக்கு வந்தார்கள். ஆள் வெள்ளைக் காற்சட்டை, கொம்பியூட்டர் படிப்பு, கையில் ஒரு சின்னக் கமெரா. அவனுக்குத் தேத்தண்ணீரில் ஈ இருக்குமோ என்று பயம், கதிரையில் தூசி இருக்குமோ என்று பயம். மேரிஜோசப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்து இருந்தாள். அசுந்தா மாமி செபஸ்தியம்மாவைப் பார்த்து முறைத்தாள்.

"கொழும்புக்குப் போனதெண்டு சொன்னீங்கள், பிள்ளை இன்னும் செய்யேல்லையோ?"

"செய்யேல்லை," என்றாள் மேரிஜோசப்பின்.

"ஏன் பிள்ளை? லண்டனில எல்லாரும் செய்யினம். தம்பிக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. அவன்ர தாய்தான் யோசிக்கிறாள். நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கும் கண்ணாடி வந்தாலெண்டு."

பெனடிக்ற் நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினான். பிறகு மேரிஜோசப்பின் சிரிக்கத் தொடங்கினாள். அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

"மாமி, லேசர் என்ர கண்தோலைச் செதுக்கும். என்ர இரத்தத்தைச் செதுக்காது. பிள்ளைக்கு வரவேணுமெண்டா, நான் லேசர் செய்தாலும் வரும், செய்யாட்டிலும் வரும்."

அசுந்தா மாமி விளங்காமல் பெறாமகனைப் பார்த்தாள். அவன் படித்தவன் அல்லவா, விளக்கப்போகிறவன்போலத் தொண்டையைச் செருமினான்.

"இல்லை, கலியாணத்துக்கு முதலே செய்தாக் கூடவோ?"

அதைக் கேட்டபின் அவளுக்கு அந்த மனிதன்மேல் இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போய்விட்டது. "அண்ணை, உங்கட தலைமயிரை வெட்டிப்போட்டுக் கலியாணம் கட்டினா, பிள்ளை மொட்டையாப் பிறக்குமோ?"

செபஸ்தியம்மா குசினிக்குள் போய் அழுதாள். பெனடிக்ற் எழும்பினான். அசுந்தா மாமி, "வாய்க்கும் ஒரு லேசர் இருந்தா நல்லது" என்று வாசல் படலையில் வைத்துச் சொன்னாள். அது நல்ல பதில் என்று மேரிஜோசப்பினே ஒத்துக்கொண்டாள். அந்த மனுசியிடம் அப்படி ஒரு மூளை இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அடுத்த மூன்று வருடமும் லேசர் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் உதட்டைப் பிதுக்கினாள். செய்தவர்களை அவள் மடையர் பட்டியலில் சேர்த்தாள். செய்ய ஆசைப்பட்டவர்கள் மருந்து வாங்க வந்தால் இரண்டு நிமிசம் கூடக் காத்திருக்க வேண்டி இருந்தது. டொக்டர் சொன்ன நாலு விதத்தையும் அவள் மறக்கவில்லை. ஆனால் நாலாவதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பதுபோல் நடந்துகொண்டாள்.

2006 ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடியது. தீவில் ஷெல் விழத் தொடங்கிய அன்று இரவு சனம் கோயிலுக்குள் ஓடியது. வாசலில் நெருக்குப்பட்டபோது அவளுடைய கண்ணாடி கழன்று விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் எத்தனையோ கால்கள் அதன்மேல் போய்விட்டன. வெளிச்சம் வந்து பார்த்தபோது சட்டம் நெளிந்து, ஒரு வில்லை தூளாகி, மற்றதில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு.

ஊரடங்கு தளர்ந்து யாழ்ப்பாணம் போக மூன்று கிழமை ஆனது. கண்ணாடிக் கடைக்காரர் கையை விரித்தார்.

"ஆறரையோ? அது கொழும்பிலயிருந்து வாறது, தங்கச்சி. கப்பலில அரிசியும் பருப்பும்தான் ஏத்துறாங்கள். வில்லையை ஆர் ஏத்துவான்?"

வீட்டு அலுமாரியில் பழைய பள்ளிக்கூடக் கண்ணாடி ஒன்று கிடந்தது, மைனஸ் நாலு. அதை மூக்கில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மருந்துப் போத்தலின் எழுத்தைக் கொஞ்சம் கிட்டப் பிடித்து அவள் வாசித்தாள், அதில் பிழை வரவில்லை. யன்னலுக்கு அப்பால் நிற்கிற முகங்கள்தான் கரைந்துபோயிருந்தன. குரலை வைத்து ஆளைப் பிடித்தாள். ஆளை வடிவாகப் பார்க்க முடியாததால் ஏசுவதும் குறைந்தது. பிள்ளை திருந்திவிட்டாள் என்று சனம் நினைத்தது.

ஐப்பசியில் ஒரு காலை, சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடற்படைக் காவலரணுக்கு முன்னால் எல்லாரும் இறங்கித்தான் போகவேண்டும். எந்த இடத்தில் இறங்குவது என்று அவளுக்கு மனப்பாடம், ஒரு பூவரச மரம் கணக்கு. அன்றைக்குக் காவலரணை அந்த மரத்துக்கு இப்பால் நகர்த்தியிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. முன்னால் நீலமாய் ஏதோ அசைந்ததாகத் தெரிந்தது, யாரோ உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மிதித்துக்கொண்டே போனாள்.

"தங்கச்சி, இறங்கு! இறங்கு! சுடப்போறான்!"

பின்னால் வந்த மீன்காரரின் கத்தல். அவள் இறங்கவில்லை, சைக்கிளோடு விழுந்தாள். முழங்கை கிழிந்தது. சப்பாத்துகள் ஓடி வந்தன. கடற்படைக்காரன் குனிந்து முகத்துக்கு அருகில் வந்த பிறகுதான் அவளுக்கு அவனைத் தெரிந்தது. அவனுடைய மேலுதட்டில் வியர்வை. எத்தனை தரம் கையைக் காட்டினேன், கண் தெரியாதா என்று சிங்களத்தில் கத்தினான்.

"தெரியாது," என்றாள் அவள். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் திரும்பவும் சொன்னாள். "எனக்குக் கண் தெரியாது."

வாழ்நாளில் ஒருவரிடமும் சொல்லாத வசனம் அது. மீன்காரர் வந்து, இது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பிள்ளை என்று கெஞ்சி அவளை எழுப்பிவிட்டார். அன்றைக்கு அவள் யன்னலைத் திறக்க அரை மணித்தியாலம் பிந்தியது. உள்ளே மேசையில் இருந்தபடி, பஞ்சால் முழங்கையைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களை ஏசுவதுபோலத் தன்னைத் தானே ஏசினாள். பெனடிக்ற் ஒரு மடையன், சரி. மேசைக்காரன் ஒரு வியாபாரி, சரி. அவர்களில் இருந்த கோபத்துக்கு நீ யாரைத் தண்டித்தாய்? ஒரு நல்ல டொக்டர் உனக்கு இது சரிவரும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதை எடுத்து எறிந்துவிட்டு, முகாமைத்துவம் படித்தவனின் சொல்லை வைத்து வாழ்க்கையை முடிவு செய்தவள் நீ. சூடு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டுக் குளிசையை நிறுத்துகிற சனத்துக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஏழு மாதமும் அவளுக்குப் பனிப்புகாராகவே போனது. பங்குனியில், ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் விமானத்தில் கொழும்பு போய்வந்த ஒரு சுவாமியார்தான் புதுக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

யுத்தம் முடிந்து 2009 கார்த்திகையில், அனுமதித் துண்டு எடுத்துக்கொண்டு அவள் கொழும்புக்குப் போனாள். முப்பத்துநாலு வயது. மாப்பிள்ளை ஒருவரும் காத்திருக்கவில்லை. செபஸ்தியம்மாவுக்கே அதுதான் விளங்கவில்லை. "இனி ஆருக்காகப் பிள்ளை?" என்று கேட்டாள். "எனக்காகத்தான் அம்மா. எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள் மகள். அந்தப் பதிலுக்கு அழுவதா இல்லையா என்று தாய்க்குத் தெரியவில்லை.

அதே பெண் டொக்டர், தலை முழுவதும் நரைத்திருந்தது. பழைய அளவுகளை எடுத்துப் பார்த்துத் திரும்பவும் அளந்தார். நம்பர் மாறவில்லை, தோலும் மாறவில்லை. மூடி வெட்டாமல் செதுக்குகிற ரெண்டாவது முறைதான். "இப்ப மெல்லிசான மூடி வெட்டுற புது மெசினும் வந்திருக்கு. ஆனா உமக்கு நான் அதையும் செய்யமாட்டன்" என்றார். "கேக்கவும் மாட்டன்" என்றாள் இவள்.

படுக்க வைத்து, மரக்கத் துளி விட்டு, இமையை ஒரு கம்பியால் பிடித்து, மேல்பூச்சை வழித்தார்கள். பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நிமிசம்கூட இல்லை. மயிர் கருகுகிற மாதிரி ஒரு மணம் வந்தது. துண்டுப்பிரசுரத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று அவள் படுத்திருந்தபடியே சொல்ல, டொக்டர் "அசையாதையும், கதையாதையும்" என்று அதட்டினார். அவளை அதட்டி அடக்கிய முதல் மனுசி அவர்தான்.

முதல் மூன்று நாளும் வத்தளை வீட்டு இருட்டறைக்குள் மிளகாய்த்தூள் கொட்டிய கண்ணோடு கிடந்தாள். வலி இல்லை என்று மைக்கில் சொன்னவனை, அவன் சொன்னது வேறு முறையை என்று தெரிந்தும், வாய் ஓயும் வரைக்கும் திட்டினாள். ஐந்தாம் நாள், கண் ஆற மேலே வைத்திருந்த காப்பு வில்லையைக் கழற்றியபோது எல்லாம் பாலுக்குள்ளால் பார்ப்பதுபோல் இருந்தது. மோசம் போனேன் என்று ஒரு கிழமை நினைத்தாள். இரண்டாம் கிழமை பஸ்ஸின் பலகையை வாசித்தாள். ஒரு மாதத்தில் வலது கண் முழுவதும் தெளிந்தது, இடது கண்ணில் கால் நம்பர் மிச்சம். பொழுதுபட்டால் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது, அது குறைய அரை வருடம் எடுத்தது. கண் காய்ந்துபோகும், அதற்குத் துளி. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி.

ஊருக்குத் திரும்பியபோது சனம் அவளைக் கோயில் முற்றத்தில் மொய்த்தது. "இப்பதான் பிள்ளை வடிவு" என்றார்கள். முந்தி ஒருவரும் சொல்லாத அந்த வார்த்தையை அவள் ஒரு காசுக்கும் எடுக்கவில்லை. "மாதாவின்ர புதுமை, அற்புதம்" என்றார்கள். மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்த செபஸ்தியம்மா அதற்குத் தலையாட்டினாள். "புதுமை எண்டா நோ இல்லாமலெல்லோ செய்திருப்பா" என்றாள் மகள். "இப்ப என்ன பிள்ளை எல்லாம் தெரியுது?" என்று ஒரு கிழவர் ஆசையாகக் கேட்டார். "முந்திக் கண்ணாடியோட என்ன தெரிஞ்சுதோ, அதுதான். கூடுதலா ஒண்டும் இல்லை" என்றாள். கிழவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அவள் சொன்னது உண்மைதான், ஒன்றைத் தவிர.

வந்த அடுத்தநாள் காலை குளிக்கக் கிணற்றடிக்குப் போனாள். கண்ணுக்குள் சவர்க்காரம் போகாமல் தலையைப் பின்னுக்குச் சரித்து முதல் வாளியை வார்த்தாள். ஒன்பது வயதில் இருந்து கிணற்றடிக்கு அவள் கண்ணாடியை வீட்டுக்குள் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். தடவித்தான் வாளி, தடவித்தான் சவர்க்காரம். மற்ற நேரத்தில் தண்ணீர் அள்ளுவது தாய்தான். இடம்பெயர்ந்திருந்த வருடங்கள் போக இத்தனை காலமும் குளித்த இடத்தை அவள் ஈரத் தலையோடு நின்று முதன்முதலாகப் பார்த்தாள். தண்ணீர் விழுந்து தெறிப்பது தெரிந்தது. தன்னுடைய கால்விரல்கள் தெரிந்தன. கிணற்றுக் கட்டு முழுவதும் விரல் தடிப்புக்குப் பாசி பிடித்திருந்தது.

"அம்மா!" என்று கத்தினாள். "இதை எத்தினை வருசமா உரஞ்சேல்லை? இவ்வளவு ஊத்தைக்குள்ளயோ நான் குளிச்சனான்?"

செபஸ்தியம்மா குசினி வாசலில் வந்து நின்று, சிரித்தாள். மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தும்புத்தடியை எடுத்துப் பாசியை உரஞ்சத் தொடங்கினாள். வேலைக்கு அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் போனாள்.